கை நனைக்காத வீடு

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவின் சட்டை பெரிதாகிவிட்டது. சட்டை தானாகப் பெரிதாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று மாலை ஆவுடையின் வீட்டு முன்னறையில் அவர் எழுந்து நின்றபோது கழுத்துப்பட்டைக்குள் என் கையே நுழைந்துவிடும் போலிருந்தது. போன மாதம் பார்த்தபோது இப்படி இல்லை. நடுவில் ஒரு வாரம் காய்ச்சல் என்றார்கள், நான் நம்பவில்லை.

"என்னப்பா, மெலிஞ்சுட்டீங்க?" என்றேன்.

"வயசானா அப்பிடித்தாண்டே. எடையைக் கூட்டி எங்க கொண்டுபோய் வைக்க?" என்று சிரித்தார். எண்பத்திரண்டு வயது. ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் இப்படி ஒரு பச்சைக்கொடி காட்டி அனுப்பிவிடுவார்.

வடிவு காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என் தம்பி மனைவி. "எடுத்துக்கோங்க அத்தான்" என்றாள். ஒவ்வொரு மாதமும் வைக்கிறாள், ஆடை படிந்ததும் எடுத்துக்கொண்டு போகிறாள். அம்மா போன நாளிலிருந்து, நாலு வருடமாக, அந்த வீட்டில் நான் கை நனைப்பதில்லை. சோறு மட்டுமல்ல, காபி, தண்ணீர் எதுவும் தொடுவதில்லை. என் பையில் என் பாட்டில் இருக்கும். பகை வைத்த வீட்டில் சாப்பிடுவது எனக்கு முடியாத காரியம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் காபி வைப்பது, என்னைக் குற்றவாளியாக உட்கார வைத்துப் பார்ப்பதற்கு.

வீடு அப்பா பெருமாள்புரத்தில் கட்டியதுதான். இப்போது ஆவுடையின் ராஜ்யம். அங்கே ஒரு மனிதர் மெலிகிறார் என்றால் யாரோ ஒருவர் அதற்குப் பொறுப்பு.

ஜூன் 17, செவ்வாய்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் மறுபடியும் இழுக்கவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு நாளை வருவதாகச் சொன்னான். வரமாட்டான்.

கல்லூரியில் துறைக் கூட்டம். டாக்டர் நிவேதிதா தலைமை. நான் உடலியங்கியல் கற்பிக்கத் தொடங்கிய வருடம் அவர் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்திருப்பார். ஆனால் அவர் எம்.பி.பி.எஸ்., எம்.டி. நான் எம்.எஸ்சி., பிஎச்.டி. மருத்துவக் கல்லூரியில் எங்களைப் போன்றவர்கள் மாணவர்களுக்கு 'சார்', மற்றவர்களுக்கு 'நான்-மெடிக்கல்'. துறைத்தலைவர் நாற்காலி எங்களுக்குக் கிடையாது. கூட்டத்தில் அவர் என் பக்கம் திரும்பி, "சார், உங்க எலி வேலை எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டார். அக்கறையாகக் கேட்பது போலத்தான் இருந்தது. என் எலி அறை தனக்கு வேண்டுமென்று நினைக்கிறார் போலிருக்கிறது.

என் எலி வேலை என்பது கிரெலின். வயிற்றின் மேற்பகுதியிலிருந்து கிளம்பி ரத்தத்தில் ஏறி, மூளைக்குப் போய் 'பசிக்கிறது' என்று சொல்லும் ஹார்மோன். வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் அது அலைபோல எழும். சாப்பிட்டால் இறங்கும். சாப்பிடாவிட்டாலும், நேரம் கடந்தால் தானாக இறங்கிவிடும். இளம் உடலில் அடுத்த அலை சீக்கிரம் வரும், பலமாக வரும். வயதான உடலில் அலை எழுந்தாலும் கேட்கிற காது மந்தமாகிவிடுகிறது. பசி குறையும், சாப்பாடு குறையும், தசை கரையும், கால் தடுமாறும். என் கிழட்டு எலிகள் எனக்கு இதைப் பலமுறை காட்டியிருக்கின்றன. முதுமை என்பது நரையில் தொடங்குவதல்ல. தட்டில் மிச்சம் வைப்பதில் தொடங்குகிறது. இதை ஒரு கட்டுரையின் முதல் வரியாக எழுதினேன். இதழாசிரியர் வெட்டிவிட்டார்.

அப்பாவுக்கு என்ன போடுகிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றேன். சொல்லிவிட்டுப் போனால் பாயசம்கூட வைத்துக் காட்டுவார்கள்.

அப்பா பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவர். வேலையில் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். நான் போனபோது தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சோறு, தேங்காய்ப்பால் சொதி, உருளைக்கிழங்கு வறுவல். கையைக் கழுவியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "வாடே குத்தாலம்" என்றார். என் முழுப்பெயர் குற்றாலலிங்கம். அதை முழுதாகச் சொல்கிறவர்கள் வங்கிக்காரர்கள் மட்டும்தான்.

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "நீங்க சாப்பிடுங்கப்பா, நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இப்ப பசிக்கலடே. பெறவு சாப்பிடுதேன்" என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

வடிவு ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. தட்டை எடுத்து மூடி உள்ளே கொண்டுபோனாள். ஒரு முதியவர் பசிக்கவில்லை என்றால் நாலு வாய் ஊட்டி விடுவதற்குக்கூட அந்த வீட்டில் ஆள் இல்லை. இரண்டு மணிவரை இருந்தேன். தட்டு திரும்பி வரவே இல்லை. பழைய ரயில்வே கதைகள் பேசிக்கொண்டிருந்தோம். மணியாச்சியில் ஒரு எருமை தண்டவாளத்தில் படுத்த கதையை மறுபடியும் சொன்னார். சிரித்தேன். ஆனால் நான் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளாகக் கல்லூரியிலிருந்து மதிய இடைவேளையில் ஸ்கூட்டரில் போகிறேன். இரண்டு நாளும் அதே கதை. சாப்பாடு தயாராக இருக்கிறது. அப்பா உட்காருகிறார். ஏதோ காரணத்தால் சாப்பாடு தள்ளிப்போகிறது. இன்று வடிவு, "மாமா, ரெண்டு வாயாவது சாப்பிடுங்க" என்றாள். என் முன்னால் நடிப்பதற்குக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பகவதியிடம் சொன்னேன். என் மனைவி தோசை மாவைக் கரைத்துக்கொண்டே, "நீங்க போறப்ப மட்டுமா இப்படி?" என்று கேட்டாள்.

"நான் போறப்பதானே எனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் கரண்டியால் மாவை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அவளும் வடிவும் வாட்ஸாப்பில் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

எடை பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டுபோனேன். நாற்பத்தெட்டு கிலோ. ஆவுடையிடம் கேட்டால், "முன்னாடி எவ்வளவுன்னு பாத்ததில்லையே" என்கிறான். பெயிண்ட் கடையில் டப்பா டப்பாவாக நிறுத்து விற்கிறவன்.

ஜூலை 3, வியாழன்

ரத்தம் எடுத்தேன். என் பழைய ஆய்வில் மிஞ்சிய கிரெலின் பரிசோதனைக் கிட் ஒன்று காலாவதியாவதற்குள் பயன்படட்டும். வருடக்கணக்காக எலிகளிடமும் மாணவர்களிடமும் ரத்தம் எடுத்த கை என்னுடையது. ஐஸ் பெட்டியோடு உள்ளே நுழைந்ததும் வடிவு பயந்துவிட்டாள்.

"அத்தான், டாக்டர்ட்ட கேக்க வேண்டாமா?"

"நானும் டாக்டர்தான்" என்றேன். உண்மைதான்.

அப்பா கையை நீட்டிவிட்டார். "குத்துடே. உங்க அம்மா இருந்தா இந்நேரம் உன்னைய வெளக்கமாத்தோட நிறுத்தியிருப்பா."

பன்னிரண்டரைக்கு முன்னால் ஒரு குழாய். சாப்பாடு வந்தது, போனது, அவர் தொடவில்லை. இரண்டு மணிக்கு இன்னொரு குழாய்.

"இதுல என்னத்தடே பாப்ப?"

"உங்களுக்குப் பசிக்குதா இல்லையான்னு."

"அதை என்கிட்டக் கேட்டா போதாதா?"

"நீங்க பொய் சொல்லுவீங்க. ரத்தம் சொல்லாது."

அவர் பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டார். பிறகு, "உன் படிப்பு பெரிய படிப்புதாண்டே" என்றார். கேலியா, பெருமையா என்று தெரியவில்லை. இந்த வீட்டில் எல்லாருமே இரண்டு அர்த்தத்தில்தான் பேசுகிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. பரிசோதனையை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன், ஏனென்றால் ஆய்வகப் பையனை நான் நம்புவதில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கிரெலின் மிக உயரத்தில். அந்த வயதில் அவ்வளவு உயரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதாவது அந்த மனிதருக்குப் பசிக்கிறது. உடல் கூப்பாடு போடுகிறது. இரண்டு மணிக்கு எடுத்ததில் பாதிக்கும் கீழ். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அலை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் வந்து தட்டை நீட்டினாலும் அவரால் சாப்பிட முடியாது.

இப்போது எல்லாம் விளங்குகிறது. பட்டினி போட வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய வேளையில் மட்டும் சாப்பிட விடாமல் தள்ளிப்போட்டால் போதும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பிறகு சோற்றை முன்னால் வைத்து, 'அவரே வேண்டாம்ங்கிறார்' என்று சொல்லிக்கொள்ளலாம். தடயமே இருக்காது. நான் போன ஒவ்வொரு நாளும் கண் முன்னால் நடந்தது இதுதான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மாலை ஆவுடையின் கடைக்கே போனேன். ஒரு வாடிக்கையாளருக்கு நீலச் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தான். அவர் போகும்வரை காத்திருந்து, தாளை மேசையில் வைத்தேன்.

"இது என்னண்ணே?"

"அப்பாவோட பசி. நீங்க ரெண்டு பேரும் தள்ளிப்போடற பசி."

புரிய வைக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் அவன் காது சிவந்தது. "வடிவையாச் சொல்லுத? அவரு குளிக்க அரை மணி நேரம் ஆனாக்கூட வாசல்ல நின்னு குரல் குடுத்துட்டே இருப்பா."

"அப்ப ஏன் எடை குறையுது?"

"அதைத்தான் ஒரு மாசமா நானும் யோசிக்கேன்." சாயக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே தயங்கினான். "நீ வராத அன்னைக்கு நல்லாத்தாண்ணே சாப்பிடுதாரு."

நான் தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிடிபட்டவன் முதலில் செய்வது பழியை எதிரே இருப்பவன் மேல் திருப்பிவிடுவதுதான்.

ஜூலை 14, திங்கள்

ஒரு வாரமாகப் பல்கலைக்கழகத் தேர்வுப் பணி. போகவே முடியவில்லை. இன்று மாலை எட்டிப்பார்த்தேன். அப்பா கொஞ்சம் தேறியிருந்தார். வாயைச் சுற்றிச் சதை திரும்பியிருக்கிறது. வாசலில் நின்று பால்காரனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

என் எச்சரிக்கை வேலை செய்திருக்கிறது. பயம் இருந்தால்தான் சிலர் சோறு போடுவார்கள். இதை விடக்கூடாது. நெருக்கிப் பிடிக்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு

தேர்வுப் பணி முடிந்த மறுநாளிலிருந்து மூன்று வேளையும் போகிறேன். காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில், மதியம் இடைவேளையில், இரவு எட்டு மணிக்கு. போவதற்கு முன்பே பகவதி எனக்குச் சாப்பாடு போட்டுவிடுகிறாள். ஆகவே அங்கே நிதானமாக உட்கார்ந்து கவனிக்க முடிகிறது. நான் உட்காருமிடம் அப்பாவுக்கு நேர் எதிரே. அங்கிருந்து சமையலறையும் தெரியும்.

அவர்களுடைய தந்திரம் மறுபடியும் தொடங்கிவிட்டது. காலையில் இட்லி ஆறியது. மதியம் 'பெறவு'. இரவு அரை டம்ளர் பால். நான் இவ்வளவு கண்காணித்தும் இப்படி நடக்கிறது என்றால், இல்லாதபோது என்ன நடக்கும்?

எடை நாற்பத்தைந்து.

ஜூலை 23, புதன்

இன்று ஆவுடை என்னை வாசலிலேயே நிறுத்தினான். உள்ளே அப்பாவுக்குக் கேட்கக்கூடாது என்று குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. சாப்பாட்டு நேரத்துக்கு வராத. சாயங்காலமா வா. எவ்வளவு நேரம் வேணும்னாலும் இரு."

"ஏன்? எதை மறைக்கணும்?"

"மறைக்க என்னண்ணே இருக்கு? நீ எதுக்க இருந்தா அவரு கையை வைக்க மாட்டேங்காரு. உனக்குத் தெரியலையா? பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அம்மாவை எடுக்கும்போதும் என்னை வாசலுக்கு வெளியே நிறுத்தினவன்தானே நீ. எனக்காக ரெண்டு மணி நேரம் காத்திருந்தா என்ன?"

அவன் முகம் மாறியது. "காலைல சேதி சொன்னேன். ராத்திரி முழுக்க ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் பாத்தோம். ஊரே உக்காந்திருந்துச்சு. இதுக்கு மேல என்ன செய்யட்டும்ணே?"

தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அதை நான் கேள்வி கேட்கவில்லை. காத்திருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். சேதி வந்தபோது நான் புனேயில் மாநாட்டில் இருந்தேன். மாலை அமர்வில் என் கட்டுரை, பல வருட உழைப்பு. வாசித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். போனவளுக்கு ஓரிரண்டு மணி நேரத்தில் என்ன வித்தியாசம்? ஆனால் உயிரோடு இருக்கிற எனக்கு வித்தியாசம் உண்டு. அந்த ஓரிரண்டு மணி நேரத்தைத்தான் ஆவுடை எனக்குத் தரவில்லை.

இன்றும் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். அப்பா வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா விழுந்துவிட்டார். காலையில், குளியலறையிலிருந்து வரும்போது. நான் அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

எலும்பு முறிவு இல்லை. ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் அடிமட்டத்தில். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

ஆவுடை ஆம்புலன்ஸில் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தான். அதில் என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்

பணியிலிருந்த டாக்டர் ஒரு இளைஞர். நான் கிரெலின் அளவுகளைக் காட்டத் தொடங்கியதும், "சார், நீங்க டாக்டரா?" என்றார்.

"பிஎச்.டி."

"ஓ, புரொபசர். சரி சார், கொஞ்சம் வெளிய இருங்க."

இருந்தேன். என்ன செய்ய முடியும்? பிறகு அவர் ஆவுடையிடம் சொன்னதைக் கேட்டேன். தொடைத் தசை கரைந்திருக்கிறது. அடுத்து விழுந்தால் இடுப்பு போய்விடும். இந்த வயதில் படுத்தால் எழுவது கடினம். ஒரு வாரம் பார்ப்போம், வாயால் போதுமான அளவு சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். அப்பாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "மூக்குல குழாய் வச்சா நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். குரலில் கேலியே இல்லை.

வடிவு வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"அத்தான், கொஞ்சம் வெளிய நிக்கீங்களா?" என்று வடிவு கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். கண்ணை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வெளியே வந்து கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார். மூன்றாவதில் பாதி.

ஒரு தடவை நடந்ததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் அப்படியே. உள்ளே இருந்தால் இல்லை. வெளியே இருந்தால் சாப்பாடு.

மதியம் வடிவு கட்டி அனுப்பிய தயிர்சாதத்தை நர்ஸிடம் கொடுத்து, நான் உள்ளே நின்று பார்த்தேன். நர்ஸ் ஊட்டினாள். சாப்பிடவில்லை. ஆகவே கொண்டுவருகிற ஆள் காரணமல்ல. சமைத்த கையும் காரணமல்ல, ஏனென்றால் நான் நகர்ந்ததும் அதே கிண்ணத்திலிருந்து சாப்பிட்டார்.

ஒரு எலிக்கு இப்படி நடந்திருந்தால் முதல் வாரத்திலேயே கூண்டின் பக்கத்தில் நிற்கிற ஆளை மாற்றியிருப்பேன்.

ஜூலை 30, புதன்

மாலை. வடிவு வீட்டுக்குப் போயிருந்தாள். ஆவுடை மருந்து வாங்கக் கீழே. நாங்கள் இருவர் மட்டும்.

"எதுக்குப்பா நான் இருந்தாச் சாப்பிட மாட்டேங்கீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். "ஸ்டேஷன்ல போர்ட்டர் வெறுங்கையோட நின்னாக்கூட நான் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டேன். 'நீ தின்னியாடே'ன்னு கேட்டுட்டுத்தான் திறப்பேன். நீ எம்புள்ள. எதுக்க உக்காந்து என் வாயையே பாத்துட்டு இருக்க. எப்பிடிடே இறங்கும்?"

"நான் வீட்ல சாப்பிட்டுட்டுத்தானே வந்தேன்."

"அது உன் வயித்துக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சது உன் காஞ்ச கை மட்டுந்தான்."

"அப்ப 'சாப்பிடு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அப்போதுதான் திரும்பினார். "கேட்டு, நீ மாட்டேன்னு சொல்லிட்டா? கேக்காத வரைக்கும் நீ எனக்கு மாட்டேன்னு சொல்லல. தம்பிக்குத்தான் சொல்லிட்டு இருக்கன்னு வச்சுக்கிடலாம்." மூச்சு வாங்கியது. "ஆவுடை வீடு, ஆவுடை வீடுன்னு சொல்லுத. அது நான் கட்டின வீடுடே. செங்கல்லுக்கு உங்க அம்மா தண்ணி ஊத்தி நனைச்ச வீடு. நாலு வருசமா நீ கை நனைக்காம இருந்தது எவன் வீட்ல?"

நர்ஸ் ஊசியோடு வந்தாள். பேச்சு நின்றுவிட்டது.

ஜூலை 31, வியாழன்

ஆவுடை காத்திருந்திருக்கலாம். இதை நான் விடப்போவதில்லை. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டிஸ்சார்ஜ். எடை நாற்பத்துநாலு. ஞாயிறு முடிய எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்த்துத் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். அதன்பின் குழாய் பற்றி முடிவு.

நான் போகாமல் இருந்துவிட்டாலே போதும் என்று ஆவுடை நினைக்கிறான். வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைக்கிறான். பகவதியிடம் கேட்டேன், "நான் போகாம இருக்கட்டுமா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போகாம இருந்தா மாமா சாப்பிடுவாங்க. ஆனா வாசலைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாங்க" என்றாள்.

இருபத்தைந்து வருடமாக இவள் இப்படித்தான். எந்தப் பக்கம் நிற்கிறாள் என்றே கண்டுபிடிக்க முடியாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கருதுகோளைச் சோதிக்க வேறு வழி இல்லை. அதற்காக மட்டுமே இதைச் செய்தேன் என்று முதலில் குறித்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டேகாலுக்குப் போனேன். அப்பாவைச் சாய்வு நாற்காலியிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வடிவு சோறு வைத்து, சொதியை ஊற்றக் கரண்டியை எடுத்தாள். என்னைப் பார்த்துவிட்டு, நான் எழுந்து வெளியே போவதற்காக ஒரு கணம் காத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம்.

"எனக்கும் ஒரு தட்டு வை" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது. சொதி மேசைவிரிப்பில் சொட்டியது. வடிவு கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு தண்ணீர் எதற்கு? திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. தாளித்த மிளகாய் காரமாக இருக்கும்.

நான் வாஷ்பேசினில் கை கழுவினேன். கண்ணாடியில் பின்னால் அப்பாவின் முகம் தெரிந்தது. அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவுடை கடையிலிருந்து அப்போதுதான் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியவன், மேசையைப் பார்த்து ஒற்றைக் காலில் அப்படியே நின்றான். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். என் தட்டைப் பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டை நான் கவனித்தேன். "வடிவு, அண்ணனுக்கு இஞ்சித் துவையல் வை. கேட்டு வாங்க மாட்டான்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வச்சாச்சு" என்றாள் வடிவு. ஏற்கெனவே வைத்திருந்தாள்.

அப்பா பிசையவில்லை. காத்திருந்தார். நான் முதல் வாயை எடுத்து வைத்தேன். விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் அவர் கை சோற்றுக்குள் போனது.

ஒருகட்டத்தில் அப்பா, "சொதில முருங்கைக்காய் போடலையா?" என்று கேட்டார்.

"நேத்துப் போட்டதுக்கு சக்கை தொண்டைல குத்துதுன்னீங்களே மாமா."

"அது நேத்து."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. நான்தான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன். பக்கத்தில் இருந்தது என்பதால்.

அளவுகள். அப்பா உட்கொண்டது: முதல் முறை வைத்தது முழுவதும். இரண்டாம் முறை கேட்டு வாங்கிய ஒரு கரண்டிச் சோறு. மோர் ஒரு டம்ளர். மிச்சம் ஏதுமில்லை. ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் நான் பார்க்க அவர் தட்டு காலியானது இதுவே முதல் முறை.

நான் உட்கொண்டது: பதிவு தேவையில்லை. உப்பு சற்று அதிகம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்பாவின் அளவுகளை டாக்டரிடம் சொன்னேன். குழாய் வேண்டாம், இப்படியே தொடரட்டும் என்றார். 'தொடரட்டும்' என்பது யாருக்குச் சொன்னது என்று விசாரிக்கவில்லை.

பதினொரு மணிக்கு, நான் வகுப்பிலிருந்து வெளியே வரும்போது, வடிவிடமிருந்து போன். நாலு வருடத்தில் அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எடுத்தேன்.

"அத்தான், இன்னைக்கு என்ன குழம்பு வைக்க?"

இதை ஏன் என்னிடம் கேட்கிறாள்? ஆவுடை சொல்லிக் கேட்கிறாளா, பகவதி சொல்லிக் கேட்கிறாளா, இல்லை அப்பாவே பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறாரா? நான் ஒன்றைச் சொல்லிவிட்டால் நாளை அதைப் பிடித்துக்கொண்டு என்னென்ன பேசுவார்கள்?

"அத்தான்? இருக்கீங்களா?"

"பூசணிக்காய் மட்டும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.